மடித்து ஒட்டிய கடைசி வரி

துர்க்கை துணை

ஜல்பாய்குரி
9 ஜூன் 1961

மாஷிமாவின் பாதங்களில் கேதகியின், உங்கள் செல்லக் கேயாவின், வணக்கம்.

நீங்களும் மேசோவும் ரேபாவும் சுகம்தானே? அம்மா போன பிறகு, அம்மாவின் கூடப்பிறந்தவர் என்று எனக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான். அடிக்கடி எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். இங்கே மழை பிடித்துவிட்டது. நான்கு நாளாகத் துணி காயவில்லை. பாப்லுவுக்குப் போன மாதம் இரண்டு வயது முடிந்தது.

அம்மாவின் கல்யாண வாழ்த்துப்பா உங்களுக்கு நினைவிருக்கும். ரோஜா நிறத்தில் மெல்லிய தாள், மேலே பட்டாம்பூச்சி. லக்ஷ்மி பூஜைப் புத்தகத்துக்குள் வைத்திருப்பாள். என்னைத் தூங்க வைக்கப் பாடியதும் அதில் இருந்ததைத்தான்:

அக்கா நீ போய்விட்டால்
அணில் வந்து யாரைக் கேட்கும்?
கொய்யா மரத்து முதல் பழத்தை
யார் கடித்து எனக்குத் தருவார்?

அந்தத் தாளைப் பாப்லு நேற்று பிடித்து இழுத்துவிட்டான். அடியில் ஒரு விரல் அகலத்துக்குப் பின்னால் மடித்துக் கஞ்சிப் பசை போட்டு ஒட்டியிருந்தது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. ஒட்டியது பிரிந்து, உள்ளே ஒரு வரி: ‘அக்காவை விட மனசில்லாத சின்னஞ்சிறுசுகள், பிபாவதி, தீபேந்து. 14 பால்குன், 1342.’

நம் வங்காளக் கணக்கில் அது இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தேதி. பிபாவதி நீங்கள். தீபேந்து யார் மாஷிமா? “நாங்க ரெண்டே பொண்ணு” என்றுதானே அம்மா சொல்வாள்?

சும்மா கேட்கவில்லை. பாப்லுவின் உடம்பில் அடிபடாமலே நீலம் பாய்கிறது. டாக்டர் லாஹிரி முந்தாநாள் என்னிடம், “உங்க அம்மா வழியில ஆம்பளைப் பசங்க யாருக்காவது இப்படி இருந்ததா? தாய்மாமா யாராவது?” என்று கேட்டார். எனக்குத் தாய்மாமாவே கிடையாது என்றேன். மறுநாள் இந்த வரி பிரிகிறது.

உடனே எழுதுங்கள்.

உங்கள் கேயா


பஹரம்பூர்
28 ஜூன் 1961

சிரஞ்சீவி கேயாவுக்கு மாஷிமாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். இந்த வருஷம் மாம்பழம் அப்படிக் காய்த்திருக்கிறது. உன் மேசோ ஆபீஸ் விட்டு வந்ததும் வாளி நிறையத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரி சாதமே கேட்பதில்லை. ரேபாவைப் பார்க்கக் கிருஷ்ணநகரிலிருந்து ஒரு குடும்பம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பையன் ஓவர்சீயர். நடந்து காட்டச் சொன்னால் ஓடிக் காட்டுவேன் என்கிறாள் உன் தங்கை. அவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேனோ.

நீ கேட்டது. தீபேந்து அடுத்த வீட்டுப் பையன். கல்யாண வாழ்த்துப்பாவில் தெருக் குழந்தைகள் பெயரையெல்லாம் போடுவதுதானே வழக்கம்? பேச்சே வராத குழந்தையின் பெயரில்கூடக் கவிதை அச்சடிப்பார்கள். பழைய தாள் பூச்சி அரிக்கும். ஆற்றில் விட்டுவிடு.

குழந்தைக்குப் பச்சை மஞ்சள் அரைத்துப் போடு. பையன் என்றால் விழுந்து எழத்தான் செய்வான்.

ஆசீர்வாதத்துடன்,
மாஷிமா


ஜல்பாய்குரி
8 ஜூலை 1961

மாஷிமாவுக்கு வணக்கம்.

ரேபாவைப் பார்க்க வந்தார்களா? நல்ல செய்தி வரும் என்று நம்புகிறேன்.

இங்கே நன்றாக இல்லை. பாப்லுவின் இடது முழங்கால் வீங்கி ஐந்து நாள் காலை ஊன்றவில்லை. கையில், தொடையில், முதுகில் நீலம். போன ஞாயிறு வந்த விருந்தாளிகள் முன்னால் என் மாமியார் அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். “எங்க மருமக பி.ஏ. கிள்ளுறதையும் காலேஜ்லயே கத்துக்கிட்டு வந்திருக்கா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. பாப்லுவின் அப்பா செய்தித்தாளை மடித்து மறுபடி விரித்தார்.

இப்போது குழந்தையைக் குளிப்பாட்ட என்னை விடுவதில்லை. கதவைத் திறந்து வைத்துத்தான் நான் அவனுக்குச் சோறு ஊட்ட வேண்டும்.

அது போதாதென்று அவனுக்குக் குடல் இறக்கம் இருக்கிறது. பூஜை முடிந்ததும் ஆபரேஷன் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். டாக்டர் லாஹிரி விரலில் குத்திப் பார்த்தார்; ரத்தம் சரியாக நின்றுவிட்டது. ஆனாலும் அவர் முகம் தெளியவில்லை. ரத்தம் உறையாத ஒரு வியாதி உண்டாம், குத்திப் பார்த்தால் அது தெரியாதாம். கல்கத்தாவில்தான் பார்க்க முடியும். அது குடும்பத்தில் வருவது. “உங்க குடும்பத்துல ஒருத்தருக்கு இருந்ததுன்னு எழுதிக் கொடுங்க, நான் கத்தியைத் தொட மாட்டேன்” என்கிறார். எங்கிருந்து எழுதிக் கொடுப்பேன்?

இன்னொன்று. அம்மா அப்பா கல்யாண நாள் பைசாக் ஒன்பது. வருஷா வருஷம் பாயசம் வைத்தவள் நான். வாழ்த்துப்பாவில் ஏன் பால்குன் பதினாலு என்று இருக்கிறது? நிச்சயித்த கல்யாணத்தை ஏன் இரண்டு மாதம் தள்ளிப் போட்டார்கள்?

கேயா


பஹரம்பூர்
2 ஆகஸ்ட் 1961

கேயாவுக்கு ஆசீர்வாதம்.

எல்லோரும் சுகம். எங்கள் அப்பாவுக்கு அந்தப் பால்குனில் மலேரியா. சைத்ரத்தில் கல்யாணம் செய்வதில்லை. அதனால் பைசாக்.

மாமியாரை எதிர்த்துப் பேசாதே. பழையதைக் கிளறாதே. நீ படித்தவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாஷிமா


ஜல்பாய்குரி
14 ஆகஸ்ட் 1961

கிருஷ்ணநகர், சாருதா அச்சகம் உரிமையாளர் அவர்களுக்கு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியாது. வங்காள வருஷம் 1342, பால்குன் மாதத்துக்காக உங்கள் அச்சகத்தில் அடித்த ஒரு கல்யாண வாழ்த்துப்பா என்னிடம் இருக்கிறது. மணப்பெண் ஹிரண்மயி, ஹரிசரண் குஹ அவர்களின் மூத்த மகள். நான் அவருடைய மகள். அதில் தீபேந்து என்று ஒரு சிறுவனின் பெயர் இருக்கிறது. அவன் யார், என்ன ஆனான் என்று உங்கள் அச்சகத்தில் யாருக்காவது நினைவிருக்குமா? இருபத்தைந்து வருஷத்துக் கதையைக் கேட்பதற்குச் சிரிப்பீர்கள். என் குழந்தையின் உயிர் அந்தப் பெயரில் இருக்கிறது. தபால்தலை வைத்திருக்கிறேன்.

கேதகி நாக்


கிருஷ்ணநகர்
30 ஆகஸ்ட் 1961

மகளே, நலமாக இரு.

நான் இப்போது அச்சகத்துக்குப் போவதில்லை, கண் மங்கிவிட்டது. என் மகன் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினான். இதையும் நான் சொல்ல அவன்தான் எழுதுகிறான்.

அடித்த வாழ்த்துப்பா ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியைக் கம்பியில் கோத்து வைப்பது எங்கள் வழக்கம். கரையான் தின்றது போக மீதியில் தேடச் சொன்னேன். ஹிரண்மயி பெயரில் இரண்டு கிடைத்தன. ஒன்று பால்குன், ஒன்று பைசாக். பாட்டு ஒன்றுதான். இரண்டாவதில் சின்னஞ்சிறுசுகளின் கடைசி வரி இல்லை. ஓரத்தில் உன் தாத்தா கையாலேயே ‘இந்த வரி வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறார்.

எனக்கு நினைவிருக்கிறது. முதல் தடவை அடித்த முந்நூறையும் திருப்பிக் கொண்டுவந்து, என் கண் முன்னால் அச்சகத்து முற்றத்திலேயே எரித்தார். செத்த பிள்ளையின் பெயர் மங்கலத் தாளில் இருக்கக் கூடாதில்லையா? எரிக்கும் முன் எண்ணிப் பார்த்தார். ஒன்று குறைந்தது. “வீட்டுல பொண்ணுங்க யாரோ எடுத்திருக்கா. போகட்டும்” என்றார். அதுதான் உன்னிடம் இருப்பது.

பையன் அவருடைய சொந்த மகன். ஒரே மகன். ஏழு வயது இருக்கும். எப்படிப் போனான் என்று நான் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்து யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உன் குழந்தைக்குக் கிருஷ்ணன் துணை.

நிபாரண் சந்திர பால்


ஜல்பாய்குரி
12 செப்டம்பர் 1961

மாஷிமா,

சுகம் விசாரிக்கவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் கூடப்பிறந்த தம்பியை அடுத்த வீட்டுப் பையன் என்று எழுதினீர்கள். அச்சகத்துப் பெரியவர் சொல்லித்தான் எனக்கு ஒரு மாமா இருந்தது தெரிகிறது. கல்யாணம் தள்ளிப் போனது மலேரியாவால் இல்லை. வீட்டில் சாவுத் தீட்டு. நமக்கு முப்பது நாள். அது முடிவதற்குள் சைத்ரம் வந்துவிட்டது. இந்தக் கணக்கைப் போட எனக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது.

ஏன் மறைக்கிறீர்கள் என்றும் எனக்குப் புரிகிறது. குடும்பத்தில் வியாதி என்று தெரிந்தால் ரேபாவின் ஓவர்சீயர் கைநழுவிப் போவார். உங்கள் மகள் உங்களுக்குப் பெரிது. என் மகன் எனக்குப் பெரியவன் இல்லையா?

ஆபரேஷன் நவம்பர் ஒன்பது. தீபேந்து மாமா எப்படிச் செத்தார்? காய்ச்சலா, பாம்பா, ரத்தமா? ஒரே ஒரு வார்த்தை எழுதுங்கள். ரத்தமில்லை என்றால் அதையாவது எழுதுங்கள், நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

நான் சின்னவளாக இருந்தபோது நீங்கள் வந்தால் என்னை மடியை விட்டு இறக்க மாட்டீர்கள். ஒரே ஒரு தடவை, என் பல் ஆடிக்கொண்டிருந்தபோது மட்டும், வந்த அன்றே ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். நான் அழுதேன். அந்த மாஷிமாவைக் கேட்கிறேன்.

கேயா


ஜல்பாய்குரி
3 அக்டோபர் 1961

மாஷிமாவுக்கு வணக்கம்.

இருபது நாளாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். ரேபாவைப் பற்றி எழுதியதை முக்கியமாக.

நேற்று பாப்லு விழுந்து உதட்டில் பல் பட்டுவிட்டது. சின்னக் கீறல். காலையிலிருந்து சாயங்காலம் வரை கசிந்தது. என் சேலை முந்தானை முழுக்க நனைந்தது. “நீ கையை எடு, உன் கை பட்டாத்தான் நிக்க மாட்டேங்குது” என்று மாமியார் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். அவர் கையிலும் நிற்கவில்லை. அப்போது அவர் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். ஆனாலும் ஆபரேஷன் தேதியை மாற்ற மாட்டார்கள். பாப்லுவின் அப்பா, “ஒரு பழைய தாளை வெச்சுக்கிட்டு நீ எல்லாரையும் பயமுறுத்தற” என்கிறார்.

எழுதுங்கள்.

கேயா


ஜல்பாய்குரி
20 அக்டோபர் 1961

மாஷிமாவின் பாதங்களில் விஜயா வணக்கம்.

நேற்று அம்மனை டீஸ்டா ஆற்றில் கரைத்தார்கள். மேசோவுக்கு வணக்கம், ரேபாவுக்கு அன்பு. நான் எதுவும் கேட்கவில்லை. விஜயா வணக்கத்துக்குப் பெரியவர்கள் பதில் ஆசீர்வாதம் எழுதாமல் இருப்பதில்லை. இந்த வருஷம் எனக்கு வேண்டாம். பாப்லுவுக்கு எழுதுங்கள். இன்னும் இருபது நாள் இருக்கிறது.

கேயா


துர்க்கை துணை

பஹரம்பூர்
28 அக்டோபர் 1961

கேயா, உனக்கும் குழந்தைக்கும் விஜயா ஆசீர்வாதம்.

ஆசீர்வாதம் என்று எழுதிய பிறகு கை நின்றுவிட்டது. பொய்யை வைத்துக்கொண்டு ஒரு குழந்தைக்கு நூறு வயசு என்று எப்படி எழுதுவது? காலையில் தபால் ஆபீசுக்குப் போய் உன் வீட்டுக்காரர் பெயருக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். குழந்தையின் மேல் கத்தி வைக்க வேண்டாம், கடிதம் வருகிறது என்று. இது அந்தக் கடிதம். டாக்டரிடம் கொடு.

தீபு என் தம்பி. எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஏழு. அவனுக்கும் முழங்கால் வீங்கும், நீலம் பாயும். ஓயாமல் மரம் ஏறுகிறான் என்று அப்பா அவனை அடிப்பார். அடித்த இடமெல்லாம் பூசணிக்காய் போல வீங்கும், பிறகு அப்பாவே ஒத்தடம் கொடுப்பார். எங்கள் அம்மாவின் அண்ணன் ஒருவரும் பதினைந்து வயதில், செருப்பு கடித்த புண்ணில் போனார் என்று சொல்வார்கள். இதெல்லாம் ஒன்று என்று எங்களுக்குத் தெரியாது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் முன்னால் அச்சகத்திலிருந்து கட்டு வந்தது. மை வாசனை. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நானும் தீபுவும் நின்று பாட்டைச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு அடி அவனுக்கு. முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. ‘முதல் பழத்தை’ என்று சொல்ல வராமல் காற்றுதான் வந்தது. நான் சிரித்தேன். எல்லோரையும் கூப்பிட்டு அவனைத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தேன். அவன் அழுதான். பிறகு அவனே என்னிடம் வந்து, “சின்னக்கா, இதைப் பிடுங்கிடு. கல்யாணத்துக்குள்ள புதுசு முளைச்சிடும்” என்றான்.

நூலைப் பல்லில் கட்டி, மறு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, கதவைச் சாத்தினேன்.

முதல் நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். இரண்டாம் நாள் வைத்தியர் படிகாரம் வைத்தார், பஞ்சு அடைத்தார். பஞ்சை எடுக்கும்போதெல்லாம் மறுபடி வந்தது. நான்காம் நாள், “பாட்டு இன்னும் மறக்கல, சொல்லட்டுமா?” என்று கேட்டான். ஐந்தாம் நாள் விடிகாலையில் போய்விட்டான்.

நூல் என் கையிலேயே இருந்தது. கல்யாணப்பெண் உன் அம்மா, பதினேழு வயது, அதைப் பிரித்து எடுத்துக் குளத்தில் போட்டாள். “யார் கேட்டாலும் தானா விழுந்ததுன்னு சொல்லு” என்றாள். அவ்வளவுதான். சாகும்வரை அதைப் பற்றி அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. பைசாக்கில் அவள் கையில் பொரி போடத் தம்பி இல்லை. யாரோ ஒன்றுவிட்ட அண்ணன் போட்டான். அந்தத் தாளை அவள் எடுத்து வைத்திருந்தது உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். அவன் பெயரை எரிக்க விடவில்லை. என் பெயர் பக்கத்திலேயே இருப்பதால் மடித்து ஒட்டியிருக்கிறாள். யாரும் பார்த்துக் கேட்டுவிடக் கூடாது என்று.

ரேபாவுக்காக மறைத்தேன் என்று எழுதினாய். அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அவனை ரத்தம் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன் என்று இருபத்தைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியானால் உன் பிள்ளைக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பையன் என்று எழுதினேன். எழுதி, ஒட்டி, தபாலிலும் போட்டேன்.

இனி நீ என்னை மாஷிமா என்று கூப்பிட வேண்டியதில்லை. குழந்தையைக் காப்பாற்று.

பிபாவதி


ஜல்பாய்குரி
26 நவம்பர் 1961

என் மாஷிமாவின் பாதங்களில் வணக்கம்.

கல்கத்தாவிலிருந்து நேற்றுதான் திரும்பினோம். அதனால் தாமதம்.

உங்கள் தந்தி வந்ததும் பாப்லுவின் அப்பா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே இரண்டு நாள் வெளியே போய் வந்தார். கடிதம் வந்தபோது மட்டும் அவரே பிரித்து, நின்றபடியே படித்தார். படித்துவிட்டு, “நாளைக்கே டாக்டரைப் பார்க்கலாம்” என்றார்.

டாக்டர் லாஹிரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஆபரேஷன் இல்லை என்று அவரே மாமியாரிடம் சொன்னார். கல்கத்தாவில் சோதனை செய்து உறுதி செய்துவிட்டார்கள். தீபேந்து மாமாவுக்கு இருந்ததுதான் பாப்லுவுக்கும். தாய் வழியாக வந்து ஆண்பிள்ளையைப் பிடிக்குமாம். மருந்து கிடையாது. அடிபட்டால் உடனே ஆஸ்பத்திரி, புது ரத்தம். அவ்வளவுதான் அவர்களுக்கும் தெரிகிறது. குடல் இறக்கத்துக்கு இப்போதைக்குப் பட்டை கட்டியிருக்கிறார்கள். கட்டிலின் நான்கு மூலைக்கும் பழைய போர்வை சுற்றியிருக்கிறேன். அவன் ஓடினால் நானும் பின்னாலேயே ஓடுகிறேன்.

மாமியார் நான் கிள்ளுகிறேன் என்று இப்போது சொல்வதில்லை. “உங்க ரத்தம்தானே” என்கிறார். ஆனால் நான் கேட்காமலே குளிப்பாட்டும் வாளியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

டாக்டரிடம் உங்களைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “உங்க மாஷிமாகிட்ட சொல்லுங்க. அன்னிக்கு அந்த நூல் இல்லேன்னா இன்னொரு நாள் ஒரு முள்ளு. அந்தக் காலத்துல யாராலயும் நிறுத்தியிருக்க முடியாது. பதினோரு வயசுக் குழந்தை கொல்லல.”

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் படியுங்கள். ஆனால் ரேபாவிடமும் நீங்கள் சொல்லியாக வேண்டும். நான் சொல்லக் கூடாது.

தாளைக் கிழிந்த இடத்தில் ஒட்டிவிட்டேன். கடைசி வரியை மடிக்கவில்லை. பாப்லு அதில் விரல் வைத்து “யாரு?” என்றான். மாமா என்றேன்.

உங்கள் கேயா


பஹரம்பூர்
9 டிசம்பர் 1961

சிரஞ்சீவி கேயாவுக்கும் பாப்லுவுக்கும் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சுகம். உன் மேசோவுக்கு இருமல், அது குளிர் போனால் போகும். ரேபாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள், “அந்த வீட்டுக்கும் எழுதிடு அம்மா, அப்புறம் அவங்களா கண்டுபிடிக்க வேண்டாம்” என்றாள். எழுதினேன். அங்கிருந்து இன்னும் பதில் இல்லை. வராது என்று நினைக்கிறேன்.

டாக்டர் சொன்னதைப் படித்தேன். தினமும் படிக்கிறேன். சில நாள் நம்புகிறேன்.

ஒரு வேண்டுகோள் கேயா. பாப்லுவுக்குப் பல் ஆட இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. முதல் பல் ஆட ஆரம்பித்ததும் எனக்கு எழுது. எங்கே இருந்தாலும் வருவேன். அது தானாக விழும்வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தொட மாட்டேன்.

மாஷிமா